இரண்டு அங்குலம், பதினெட்டு சென்ட்

எங்கள் தெரு வாசகர் வட்டத்துப் பிள்ளைகள் ஹைக்கூப் போட்டி ஒன்றை அறிவித்துவிட்டு என்னை நடுவராகப் போட்டுவிட்டார்கள். நாற்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவர், ஓய்வுபெற்றுக் குன்றத்தூரில் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார், செய்துகொடுப்பார் என்று நினைத்திருப்பார்கள். எண்பது அஞ்சலட்டைகள் வந்திருக்கின்றன. பாதியில் நிலா இருக்கிறது, மீதியில் வேலையில்லாத் திண்டாட்டம். இந்த 1991இல் எந்த வாரப் பத்திரிகையைத் திறந்தாலும் மூலைக்கு மூலை மூன்று வரி நிற்கிறது. எங்கள் பக்கத்து ஊரின் பெயர் இந்த மே மாதக் குண்டுவெடிப்பால் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்ததே, அந்தத் துக்கத்தைப் பற்றியும் நாலைந்து அட்டைகள் இருக்கின்றன.

மூன்று நாளாக அட்டைகளை அடுக்குகிறேன், கலைக்கிறேன். மதிப்பெண் போடக் கை வரவில்லை. எனக்குத் தெரிந்து தமிழில் முதன்முதலாக இப்படி மூன்று வரியில் எழுதியவர் என் சித்தப்பா. அது ஐம்பத்தாறு வருடத்துக்கு முன்னால். அவர் எழுதியது எதுவும் இன்று காகிதத்தில் இல்லை. அதற்கு நான்தான் காரணம். இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

படப்பையிலிருந்து ஒரகடம் போகும் சாலையில், ஏரிக்கரையை ஒட்டியது எங்கள் ஊர். இப்போது அங்கே கம்பெனிகள் வரப்போகின்றன என்று சங்கிலி பிடித்து நிலத்தை அளக்கிறார்களாம். நான் சிறுவனாக இருந்தபோது அங்கே அளப்பதற்கு மழை ஒன்றுதான் இருந்தது. அதுவும் பல மாதங்களில் இருக்காது.

சாலையோரத்தில் ஓடு வேய்ந்த சர்க்கார் கட்டடம் ஒன்று. ரெவின்யூ இன்ஸ்பெக்டரின் ஆபீஸ் என்று பலகை சொல்லும். ஊரில் எல்லோருக்கும் அது மழை ஆபீஸ். பின்பக்கம் ஒரு கிணறு, முன்பக்கம் முள்கம்பி வேலி, வேலிக்குள் முழங்கால் உயரத்துக்குத் தரையிலிருந்து எழும்பி நிற்கும் ஒரு செப்பு உருளை. அதன் வாயில் ஒரு புனல், உள்ளே ஒரு போத்தல். இதுதான் மழைமானி. தினமும் காலை எட்டு மணிக்குப் போத்தலில் உள்ள தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்க்க வேண்டும். அப்போதெல்லாம் மழைக்கு அங்குலக் கணக்கு. அங்குலத்தில் நூறில் ஒரு பங்குக்கு சென்ட் என்று பெயர். பார்த்ததை ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். என் அப்பா ஊர்க் கர்ணம், ஊரின் நிலக் கணக்கு எழுதுபவர். அவருடைய தம்பியான என் சித்தப்பாவுக்கு இந்த வேலை.

ரிஜிஸ்டரில் நாலு கட்டங்கள். தேதி, அங்குலம், சென்ட், கடைசியில் அகலமாகக் குறிப்பு. ஆலங்கட்டி விழுந்தது, புயல் அடித்தது என்று எப்போதாவது எழுதுவதற்காக வைத்த கட்டம் அது. சித்தப்பா வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆபீஸில் யாரோ விட்டுப்போன கிழிந்த பத்திரிகை ஒன்றில், ஜப்பான் தேசத்தார் மூன்றே வரியில் பாட்டுக் கட்டுவார்கள், அதில் பருவத்தின் அடையாளம் ஒன்று இருக்கும், அதற்கு ஹொக்கு (இன்றைய ஹைக்கூதான்) என்று பெயர் என்று அரைப்பக்கம் எழுதியிருந்ததைப் படித்திருக்கிறார். தன் பெயருக்கு வந்த சர்க்கார் உத்தரவாகவே அதை எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து குறிப்புக் கட்டம் ஒருநாளும் காலியாக இருக்கவில்லை.

ரிஜிஸ்டரில் அடித்தல் திருத்தல் கூடாது என்பது விதி. அதனால் எட்டு மணிக்கு எண்ணை எழுதிவிட்டு, கையில் பேனாவோடு வேலியருகே போய் நிற்பார். சில நாள் ஐந்து நிமிடம், சில நாள் ஒன்றரை மணி நேரம். மூன்று வரியும் மனதில் முழுசாகக் கூடிய பிறகுதான் உள்ளே போய் மைக்கூட்டைத் திறப்பார். வேறெங்கும் பிரதி எடுத்து வைத்துக்கொள்ள மாட்டார். ஏன் என்று அப்பா ஒருமுறை கேட்டதற்கு, "ஒரு நாளைக்கு ஒரு மழைதானேண்ணா, அதுக்கு நகல் எடுக்க முடியுமா?" என்றார். அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார்.

அப்பாவுக்குக் கைவைக்க வேறு காரணங்களும் இருந்தன. காஞ்சிபுரத்துக்குப் பதவி உயர்வோடு மாற்றல் வந்தபோது, அந்த வேலையில் மழைமானி இல்லை என்று சித்தப்பா மறுத்துவிட்டார். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டிருக்கிறார்கள். "மழை பெய்யுதான்னு பார்க்கறது" என்றாராம். பெண்ணின் தாய்மாமன், "பெய்யலைன்னா?" என்று கேட்க, "அப்பத்தான் வேலை ஜாஸ்தி" என்றாராம். அத்தோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது. அதன் பிறகு அவரும் கல்யாணப் பேச்சை எடுக்கவிடவில்லை.

எனக்குச் சித்தப்பாவைப் பிடிக்கும். ஆனால் அவர் எழுதுவது என்னவென்று தெரியாது. ஒருநாள் கேட்டேன்.

"என்னைப் பத்தி எழுதுங்க சித்தப்பா."

"நீ மழையாடா?"

"இல்ல."

"வெயிலா?"

"இல்ல."

"அப்போ உனக்கு அந்தக் கட்டத்துல இடமில்ல. வானத்தோட சேர்ந்து ஏதாவது செய், எழுதறேன்."

எனக்கு அப்போது பதினோரு வயது. வானத்தோடு சேர்ந்து என்ன செய்வது? ஆனால் செய்தேன்.

ஆபீஸ் வேலிக்கு வெளியே பையன்கள் நாங்கள் கோலி வைத்துப் பந்தயம் கட்டுவோம். இன்று குவளையில் தண்ணீர் இருக்குமா, இருக்காதா? எட்டு மணிக்குச் சித்தப்பா குவளையைத் தூக்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, "பூஜ்யம்" என்பார், அல்லது ஏதோ ஒரு எண்ணைச் சொல்வார். அவர் வாய்ச்சொல்தான் தீர்ப்பு. அந்த வருடம் ஆடி பொய்த்தது, ஆவணி பொய்த்தது. புரட்டாசியிலும் வானம் வெளுத்தே கிடந்தது. நானோ சித்தப்பாவின் மேலுள்ள அபிமானத்தில் தினமும் மழை என்றே கட்டி, தபால்காரர் மகனிடம் அத்தனை கோலிகளையும் தோற்றிருந்தேன்.

"இன்னாடா, இன்னிக்கும் மழையா?" என்று அவன் சிரித்தான். "உங்க சித்தப்பா கிளாஸ காய வச்சி எட்த்துகினு வர்றாருடா. வேணும்னா ஒண்ணு செய்யலாம். நாளைக்கி மழை வந்துச்சின்னா இத்த எட்த்துக்கோ. வரலைன்னா உன் பம்பரம் எனக்கு."

அவன் உள்ளங்கையில் இருந்தது சோடாப் புட்டிக்குள்ளிருந்து எடுத்த பச்சைக் கண்ணாடிக் கோலி. ஊரில் அது ஒன்றுதான் இருந்தது. வெயிலில் பிடித்தால் உள்ளே ஏரித் தண்ணீர் மாதிரி தெரியும்.

மறுநாள் விடிந்ததும் வீட்டிலிருந்து ஒரு செம்பை எடுத்துக்கொண்டு போனேன். ஆபீஸ் பியூன் வாசலில் கயிற்றுக் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். கிணற்றில் மொண்டு, செம்பு ததும்பத் ததும்ப நடந்து, கம்பிக்கு இடையில் கையை நுழைத்துப் புனலில் ஊற்றினேன். ஒரு செம்புத் தண்ணீர் ஒரு தூறல் அளவுதான் இருக்கும் என்பது என் எண்ணம். அந்தப் புனலின் வாய் ஒரு சாண்கூட இல்லை என்பதும், அதற்குள் ஒரு செம்பு ஊற்றினால் அது ஊர் முழுக்கக் கொட்டிய பெருமழைக்குச் சமம் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்?

எட்டு மணிக்குச் சித்தப்பா போத்தலை எடுத்தார். குவளையில் ஊற்றினார். குவளை நிறைந்தது. அந்தத் தண்ணீரை ஒரு வாளியில் ஒதுக்கிவிட்டு மீண்டும் ஊற்றினார். அதுவும் நிறைந்தது, போத்தலில் இன்னும் கொஞ்சம் மீதி இருந்தது. பியூன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தான்.

"இன்னா சார் இது, மழையா? நான் வெளியதான பட்த்துகினு இருந்தேன்! எம்மேல ஒரு பொட்டு வுழலியே!"

சித்தப்பா குவளையைக் கீழே வைத்தார். தரையைப் பார்த்தார். வேலியோரம் நடந்து, ஆபீஸின் பக்கவாட்டில் கிணறு வரைக்கும் பார்வையை ஓட்டினார். பிறகு வேலிக்கு வெளியே நின்ற எங்கள் ஐந்து பேரையும் பார்த்தார். என்னைத் தனியாகப் பார்த்தார் என்று சொல்ல முடியாது.

"ரெண்டு அங்குலம், பதினெட்டு சென்ட்" என்றார்.

பையன்கள் வாயைப் பிளந்தார்கள். பச்சைக் கோலி என் கைக்கு வந்தது. "போடா, உங்க சித்தப்பன் பொய்க் கணக்கு சொல்றான்" என்று தபால்காரர் மகன் அழுதுகொண்டே போனான். அன்று சித்தப்பா வேலியருகே நெடுநேரம் நின்றார். பிறகு உள்ளே போய் எழுதினார். தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பூஜ்யம் என்று எழுதியிருக்கலாம். பியூன் ஒருவனைத் தவிரக் கேட்பார் இல்லை. ஆனால் கண்ணால் பார்த்ததில் எதையும் சேர்க்கவும் கூடாது, விடவும் கூடாது என்பதுதான் அவர் அந்த அரைப்பக்கக் கட்டுரையிலிருந்து கற்றுக்கொண்ட ஒரே பாடம். பாட்டுக்கு ஒரு நியாயம், எண்ணுக்கு ஒரு நியாயம் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை.

மழை ஆபீஸ் மழை வேலியைத் தாண்டி வரவில்லையாம் என்று ஊர் ஒரு வாரம் சிரித்தது. அதற்குப் பிறகு மறந்தது. நானும் மறந்தேன்.

ஐப்பசியும் கார்த்திகையும் பொய்த்தன. ஏரி வற்றியது. வைகாசியில் ஜமாபந்திக்கு, அதாவது வருடாந்திர நிலவரிக் கணக்குத் தணிக்கைக்கு, பெரிய அதிகாரி வந்தார். மலையாளப் பக்கத்துக்காரர். தமிழ் பேசினால் புரிந்துகொள்வார், படிக்க வராது. ஆபீஸ் முன்னால் பந்தல் போட்டிருந்தது. விவசாயிகள் தீர்வையைத் தள்ளுபடி செய்யக் கேட்டு மனுக்களோடு நின்றார்கள். பள்ளி விடுமுறை. பந்தலில் கொடுத்த நீர்மோருக்காக நானும் அப்பாவின் பக்கத்தில் நின்றிருந்தேன்.

அதிகாரி மழை ரிஜிஸ்டரைக் கேட்டார். புரட்டாசியில் இரண்டு அங்குலத்துக்கு மேல் மழை என்று அதில் இருந்தது. "நல்ல மழை பெய்திருக்கிறதே, எதற்குத் தள்ளுபடி?" என்றார்.

 ஏரிக்கீழ் நிலத்துக்காரர் ஒருவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "சாமி, அன்னிக்கி ஒரு பொட்டு மழை கெடையாதுங்க. எங்க நெலம்லாம் பாளம் பாளமா வெடிச்சிக் கெடந்துது. இந்த மனுசன் எங்க வயித்துல அடிச்சிட்டாரு. நாங்க இன்னா பாவம் செஞ்சோம் இவருக்கு?"

அதிகாரி சித்தப்பாவைக் கூப்பிட்டார். "அன்றைக்கு மழை பெய்ததா, இல்லையா?"

"பெய்யலை சார். போத்தல்ல தண்ணி இருந்துது. ரெண்டையும் எழுதியிருக்கேன்."

"எங்கே எழுதியிருக்கிறீர்?"

சித்தப்பா கடைசிக் கட்டத்தைக் காட்டினார். அதிகாரி அப்போதுதான் அந்தக் கட்டத்தைக் கவனித்தார். ஒரு பக்கம் புரட்டினார், இன்னொரு பக்கம் புரட்டினார். எல்லா நாளுக்கும் பொடி எழுத்தில் தமிழ். "என்ன இதெல்லாம்?" என்று ரெவின்யூ இன்ஸ்பெக்டரைக் கேட்டார். இன்ஸ்பெக்டருக்கு வியர்த்துவிட்டது. திறந்திருந்த பக்கத்தில் கண்ணில் பட்டதை வாசித்துக் காட்டினார்.

நாலு சென்ட் தூறல்.
குடை கொண்டுவந்தவன்
வெட்கப்பட்டு நடக்கிறான்.

பந்தல் சிரித்தது. நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்த பியூனும் சிரித்தான். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. சர்க்கார் ரிஜிஸ்டரில் பாட்டு எழுதியிருக்கிறான், இவன் எழுதிய எண்ணை எப்படி நம்புவது என்றார். "அந்த நாளுக்கு என்ன எழுதிருக்குன்னு மட்டும் படிச்சுப் பாருங்க சார்" என்று சித்தப்பா மெதுவாகச் சொன்னார். "எல்லாம் இதே பாட்டுத்தான் சார், பைத்தியக்காரத்தனம்" என்று சொல்லி இன்ஸ்பெக்டர் ரிஜிஸ்டரை மூடிவிட்டார்.

"தண்ணீரை யார் ஊற்றியது? அதையாவது சொல்" என்றார் அதிகாரி.

"வானத்தைப் பத்தி எழுதறதுதான் சார் என் வேலை" என்றார் சித்தப்பா. அவர் கண் ஒருமுறைகூட நான் நின்ற பக்கம் வரவில்லை. நான் மோர்க் குவளைக்குள் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாட்டுக்கார குமாஸ்தாவின் தவறான பதிவு என்று முடிவாயிற்று. விவசாயிகளுக்குத் தள்ளுபடி கிடைத்தது. சித்தப்பாவுக்கு வேலை போயிற்று. பதினொரு வருட ரிஜிஸ்டர்களையும் பாட்டில்லாமல் புதிதாக எழுதி, பழையதை இல்லாமல் செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் விஷயம் மேலே போய் ஜெயில் வரைக்கும் வந்துவிடும் என்று இன்ஸ்பெக்டர் அப்பாவிடம் சொன்னார். கூடவே ஒன்றையும் சொன்னார். "அந்த ஒரு நாளுக்கு ஏதாவது காரணம் எழுதியிருக்கானா பாருங்க. யாரோ வெளையாட்டுக்குச் செஞ்சதுன்னு ஒரு வார்த்தை இருந்தாக்கூடப் போதும், நான் பெரியவருக்கு எழுதி வேலையத் திருப்பி வாங்கித் தரேன்."

மறுநாள் முதல் பத்து நாட்கள் எங்கள் வீட்டுக் கூடத்தில் நகல் எழுதும் வேலை நடந்தது. அப்பா சாய்வு மேசை முன்னால் உட்கார்ந்து எழுதுவார். தம்பியின் பொடி எழுத்து அவர் கண்ணுக்குப் பிடிபடாது என்பதால், பழைய ரிஜிஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு நான் படிக்க வேண்டும்.

"மூணு கட்டம் மட்டும் படி. கடைசிக் கட்டம் நமக்கு வேணாம்" என்றார் அப்பா.

"ஒண்ணு, பூஜ்யம், பூஜ்யம். ரெண்டு, பூஜ்யம், பூஜ்யம். மூணு, பூஜ்யம், ஏழு."

அப்பாவின் கையெழுத்து அழகானது, அதனால் மெதுவானது. அவர் ஒரு வரியை முடிப்பதற்குள் என் கண் கடைசிக் கட்டத்துக்குப் போய்விடும். முதலில் சும்மாதான் போயிற்று. பிறகு அதற்காகவே காத்திருந்தது.

இன்றும் பூஜ்யம்.
புனலில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனது
கரிச்சான்.

இப்படியும் எழுதலாமா என்று இருந்தது. ஆபீஸ் வேலியில் தினமும் உட்காரும் கரிச்சான்தானே, அதை நானும் பார்த்திருக்கிறேனே? இரண்டாம் நாள் ஓரிடத்தில் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டேன். "என்னடா?" என்றார் அப்பா. "ஒண்ணும் இல்லப்பா, தும்மல்" என்றேன். எனக்கு மிகவும் பிடித்தது ஏழாவது ரிஜிஸ்டரில் இருந்தது.

வற்றிய ஏரி.
போன ஐப்பசியில் நான் நீந்திய இடத்தில்
ஆடு படுத்திருக்கிறது.

அதைப் படித்துவிட்டு அடுத்த தேதியைச் சொல்ல மறந்து உட்கார்ந்திருந்தேன். அப்பா அதட்டிய பிறகுதான் படித்தேன். நாலாயிரம் இருக்கும் மொத்தம். அத்தனையும் படித்தேன். சித்தப்பா அந்தப் பத்து நாளும் பின்கட்டில் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். நான் பூஜ்யம் பூஜ்யம் என்று படித்தது அங்கே வரைக்கும் கேட்டிருக்கும்.

கடைசி ரிஜிஸ்டரில் அந்தப் புரட்டாசிப் பக்கம் வந்தது. தேதியைச் சொன்னேன். "ரெண்டு, பதினெட்டு" என்றேன். அப்பா பேனாவை மேசைமேல் வைத்தார்.

"அந்த நாளுக்கு என்ன எழுதிருக்கான், படி."

படித்தேன், கண்ணால்.

கிணற்றிலிருந்து
நடந்தே வந்திருக்கிறது மழை.
சின்னச் சின்ன அடி.

அன்று விடியலில் செம்பிலிருந்து வழி நெடுகச் சிந்தியது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஈரக் காலோடு நடந்ததும் நினைவுக்கு வந்தது. தரையில் அதையெல்லாம் பார்த்திருக்கிறார். இதை உரக்கப் படித்தால் போதும். கர்ணமாக இருந்து பழகிய அப்பாவுக்கு யாருடைய அடி என்று கண்டுபிடிக்க அரை நிமிடம் ஆகாது. சித்தப்பாவுக்கு வேலை திரும்பக் கிடைக்கும். எனக்கு என்ன கிடைக்கும் என்பதும் தெரிந்தது. கூடத்து மூலையில் அப்பாவின் பிரம்பு சாத்தியிருந்தது.

"ஒண்ணும் இல்லப்பா. காலியா இருக்கு."

"காலியா? எழுதியிருக்கேன்னு பந்தல்ல சொன்னானே!"

"காலிதாம்பா."

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கழுத. வேணாத நாள்லாம் எழுதுவான். வேணுங்கற ஒரு நாளுக்கு எழுத மாட்டான்" என்றார்.  புதிய ரிஜிஸ்டரில் அந்தத் தேதிக்கு நேராகப் பூஜ்யம், பூஜ்யம் என்று எழுதினார். நான் பக்கத்தைப் புரட்டினேன்.

வேலை முடிந்த மறுநாள் சனிக்கிழமை, எண்ணெய்க் குளியல். அப்பா பழைய ரிஜிஸ்டர்களைக் கிழித்துக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டார். பதினொரு வருடம் ஒரு தவலைத் தண்ணீர் கொதிக்கக்கூடப் போதவில்லை. மேலே இரண்டு விறகு வைக்க வேண்டியிருந்தது. அந்த வெந்நீரில் முதலில் குளித்தவன் நான்.

சித்தப்பாவுக்குச் சென்னைப் பட்டணத்தில், பஞ்சாங்கம் அச்சிடும் ஓர் அச்சுக்கூடத்தில் பிழை திருத்தும் வேலை கிடைத்தது. இந்த மாதம் இத்தனை மழை என்று முன்கூட்டியே சொல்லும் பக்கங்களுக்கு அவர் ஒன்பது வருடம் பிழை திருத்தினார். பிறகு விஷக் காய்ச்சலில் போய்விட்டார். நான் அப்போது ஆசிரியப் பயிற்சியில் இருந்தேன். அவருடைய பெட்டியைத் திறந்து பார்த்தவன் நான்தான். இரண்டு வேட்டி, ஒரு குடை, அந்தக் கிழிந்த அரைப்பக்கம். ஒரு வரி இல்லை. எழுதுவதற்கு அவருக்குக் கட்டம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. நாலாயிரத்தில் இப்போது எனக்கு நினைவில் நிற்பவை இங்கே எழுதியிருக்கும் நாலுதான். அதிலும் ஓரிரு சொல் என்னுடையதாக இருக்கலாம்.

ஆனால் எண்பது அட்டைகளையும் ஒதுக்கிவைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தது, அவர் ஊரைவிட்டுப் புறப்பட்ட நாளுக்காக. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அப்பா வழியனுப்ப வரவில்லை. நான்தான் குடையைத் தூக்கிக்கொண்டு, தாம்பரம் போகும் பஸ் நிற்கும் இடத்துக்கு அவரோடு நடந்தேன். போகிற வழியில் ஆபீஸ் வேலி வந்தது. புது குமாஸ்தா போத்தலைக் கழுவிக்கொண்டிருந்தார். சித்தப்பா நிற்கவில்லை. புளியமரத்தடியில் பெட்டியை வைத்துவிட்டு, தூரத்தில் பஸ்ஸின் புழுதி தெரிகிறதா என்று பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"ரிஜிஸ்டரெல்லாம் நீதானே படிச்சே?"

 வந்துவிட்டது என்று நினைத்தேன். "ஆமாம் சித்தப்பா."

"கடைசிக் கட்டத்தையும் படிச்சியா?"

நான் குடையின் பிடியைத் திருகினேன்.

"சும்மா சொல்லு. அப்பாகிட்ட சொல்ல மாட்டேன். ஏதாவது ஒண்ணு பிடிச்சுதா?"

வற்றிய ஏரியும் ஆடும் என் நாக்கு நுனியில் நின்றன. கரிச்சானும் நின்றது. ஆனால் படித்தேன் என்று ஒப்புக்கொண்டால் கிணற்றிலிருந்து வந்த மழையையும் படித்தேன் என்று ஆகிவிடும். இவர் சுற்றி வளைத்து அதைத்தான் பிடிக்கப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

"நான் எதையும் படிக்கலை சித்தப்பா. நம்பரை மட்டும்தான் படிச்சேன். அப்பா வேணாம்னு சொல்லிட்டாரு."



"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல."

"சரி" என்றார். என் கையிலிருந்து குடையை வாங்கிக்கொண்டார். "நம்பரைத் தப்பில்லாம படிச்சியா?"

"படிச்சேன்."

"அது போதும்."

பஸ் வந்தது. அவர் ஏறி, வெயில் படாத பக்கமாக உட்கார்ந்தார். நான் கையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார். தண்ணீரை ஊற்றியது யார் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்க வேண்டிய அவசியமும் அவருக்கு இருந்ததில்லை. அன்று காலையே தரையில் பார்த்து, எனக்குச் சொன்ன சொல்லையும் காப்பாற்றி, என்னைப் பற்றி எழுதியும் வைத்துவிட்டார். பதினொரு வருடம் எழுதியதைப் படித்த ஒரே ஆளிடம் அவர் கேட்டது வேறு. அது எனக்கு அன்று புரியவில்லை. சித்தப்பா ஏமாந்துவிட்டார், நான் தப்பித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பச்சைக் கோலியைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டே வீடு வரைக்கும் ஓடினேன்.